நிலத்தைக் காத்த பாட்டாளிகள்: வடசிலாங்கூர் வரலாற்றில் ஒரு பார்வை

மலேசிய இந்தியத் தொழிலாளர் வரலாறு எழுதப்படும்போதெல்லாம், காடழித்து இரப்பர் நட்ட உழைப்பு தவறாமல் போற்றப்படுகிறது. திருத்திய அந்நிலத்தை வளம் குன்றாமல் பேணி வந்தவர்களும் அதே மக்கள்தாம் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான் தொடங்கிப் பெஸ்தாரி ஜெயா வரை பரந்து கிடக்கும் நம் வட்டாரமே இதற்குத் தக்க சான்றாகும்.

பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்னர் வழங்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவின் அருகே தென்னமாரம் தோட்டம் உள்ளது. தென்னைமரம் என்னும் தமிழ்ச்சொல்லின் ஒலி அப்பெயரில் இன்றும் நிலைத்திருக்கிறது. 1917ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை அங்குதான் நட்டார். பின்னாளில் நாடெங்கும் பரவிய பயிரின் தொடக்கம் நம் கோலசிலாங்கூர் மாவட்டமே என்பது பெருமைக்குரிய செய்தி.

ஆயினும் தோட்ட முதலாளிகள் நிலத்தைப் பேணும் முறையை உடனே அறிந்துவிடவில்லை. தொடக்க காலத்தில், இரப்பர் மரங்களுக்கு இடையே ஒரு புல்லும் தலைகாட்டாதபடி சுரண்டி வைப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் எனக் கருதப்பட்டது. விளைவு என்ன? மேட்டு நிலங்களில் பெருமழை மேல்மண்ணை அரித்துச் சென்றது. பிறகே சரிவுக்குக் குறுக்கே படிவரப்புகளும், மண்ணைத் தேக்கும் குழிகளும், அவரை இனத்தைச் சேர்ந்த மூடுபயிர்க் கொடிகளும் வந்தன. இக்கொடிகள் மண்ணைப் போர்த்துக் காப்பதோடு, வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் வாயிலாகக் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பவை. 1925இல் நிறுவப்பட்ட மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இத்தகைய முறைகளை ஆராய்ந்து பரப்பியது.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். குழி வெட்டியவர்களும், கொடியை விதைத்தவர்களும், லாலாங் புல்லை வேரோடு களைந்தவர்களும் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் ஆவர். ஆனால் ஆய்வு முடிவுகள் ஆங்கில அறிக்கைகளாக நிர்வாகியின் மேசைக்குச் சென்றன. தொழிலாளிக்கோ அவை வெறும் கட்டளைகளாகவே வந்து சேர்ந்தன. செய்முறை கைக்குத் தெரிந்தது, காரணம் சொல்லித் தரப்படவில்லை, நிலமோ சொந்தமில்லை.

இக்குறைகளுள் இறுதியானதைப் போக்க முன்வந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். 1950களில் வெள்ளைக்காரர் தோட்டங்கள் பல விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டபோது, வேலையும் வீடும் இழந்து மக்கள் தவித்தனர். 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், பால்மரம் வெட்டிய தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. நிலத்தில் பங்கு உடையவனே அதன் நாளைய நலனையும் நினைப்பான் என்னும் உண்மையை அம்முயற்சி உணர்த்தியது.

அடுத்த பாடம் நெருப்பினால் வந்தது. மறுநடவுக்காகப் பழைய மரங்களை வெட்டித் தீயிடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. மரங்களைச் சிறு துண்டுகளாக்கி, வரிசையாக அடுக்கி, மண்ணிலேயே மக்கவிடும் எரிக்காமுறையைக் கையாண்டமைக்காக, 1992இல் கோல்டன் ஹோப் தோட்ட நிறுவனம் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் விருதைப் பெற்றது. 1997இன் கடும் புகைமூட்டத்தைக் கண்டபின், 1998இல் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கும் விதி நம் சுற்றுச்சூழல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

நம் வடபுறத்தில் உள்ள ராஜா மூசா கரிச்சதுப்புக் காடும் இதனையே கூறுகிறது. வடிகால் வெட்டினால் கரிச்சதுப்பு மண் உலர்ந்து தாழும். தீப்பிடித்தால் நிலத்தடியிலேயே பல நாள் புகையும். 2008 முதல் வனத்துறையும் பொது அமைப்புகளும் சுற்றுவட்டார மக்களும் இணைந்து, அங்குள்ள கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தியும் மரக்கன்றுகள் நட்டும் வந்துள்ளனர். வடிகாலை வெட்டக் கற்ற நாடு, அதனை அடைக்கவும் கற்க வேண்டியதாயிற்று.

அரசுப் பணியில் இருக்கும் யான் திட்ட அறிக்கைகளில் ‘ஆற்றல் மேம்பாடு’ என்னும் தொடரை அடிக்கடி காண்கிறேன். 1994இல் ஏற்கப்பட்ட ஐ.நா.வின் பாலைவனமாதல் தடுப்பு உடன்படிக்கை, வளரும் நாடுகளில் நிலம் காக்கும் ஆற்றலை வளர்ப்பதற்கென்றே தனிப்பிரிவு ஒன்றை வகுத்து, உள்ளூர் மக்களும் குறிப்பாகப் பெண்களும் இளைஞரும் அதில் முழுப்பங்கு பெற வேண்டும் என வலியுறுத்துகிறது. களைவெட்டிய நம் தாய்மாரை எண்ணும்போது, அவ்வாசகத்தின் பொருள் நமக்கு நன்கு விளங்கும்.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி வருகின்றன. தோட்டம் கலையும்போது லயமும் கோவிலும் மட்டுமல்ல, மண்ணைப் பற்றிய அறிவும் கலைந்து போகிறது. எனவே, எந்த மேட்டில் மண் அரித்தது, எந்தக் கானில் நீர் தேங்கியது என்பதை அறிந்த முதியோரிடம் இளையோர் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். 1931இல் செர்டாங்கில் வேளாண் பள்ளியாகத் தொடங்கியதே இன்றைய புத்ரா மலேசியப் பல்கலைக்கழகம். அங்கு வேளாண்மையும் மண்ணியலும் பயில நம் பிள்ளைகளை ஊக்குவித்தலும் வேண்டும். பாட்டன் கையில் இருந்த தொழிலறிவுக்குரிய காரணத்தைப் பேரன் கற்றுத் தெளிவானாயின், அதுவே அம்மூத்தோர்க்கு நாம் செலுத்தும் மெய்யான நன்றிக்கடனாகும்.