சுடுமண் தொட்டியும் தென்னை நார்த்தூளும்

புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூரிலும் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூரிலும், தமிழகத்தின் ஊர்களைப் போலவே, தொட்டிச் செடிக்கான கலவை என்றால் மண், ஆற்று மணல், மக்கிய தொழு எரு ஆகிய மூன்றையும் ஏறத்தாழச் சம அளவில் சேர்ப்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. அந்தக் கலவை செடியைக் காத்ததற்குத் தொட்டியும் ஒரு காரணமாகும். ஆழமற்ற எந்தக் கலத்திலும் அடிப்பகுதி மண்ணில் நீர் வடியாமல் தங்கி வேருக்குக் காற்று கிடைக்காமல் செய்யும் என்றாலும், சுடுமண் சுவரின் நுண்துளைகள் அந்த ஈரத்தை வெளியே ஆவியாக்கிவிடும். பிளாஸ்டிக் தொட்டியும் வளர்ப்புப் பையும் பரவியபோது இந்தத் துணை அற்றுப்போக, அதே மண் இறுகி வேர் அழுகத் தொடங்கியது.

மேலை நாடுகளில் சிறந்த தொட்டிக் கலவைக்கான தேடல் முன்பே தொடங்கியிருந்தது. இங்கிலாந்தில் 1930-களில் வகுக்கப்பட்ட ஜான் இன்னஸ் கலவை மண்ணைக் கைவிடவில்லை. அமெரிக்காவில் 1950-களில் கலிபோர்னியா பல்கலைக்கழகமும், 1960-களில் கார்னெல் பல்கலைக்கழகமும் 'பீட்' எனப்படும் பொருளை, அதாவது குளிர்நாட்டுச் சதுப்புகளில் பாசி பாதி மக்கிப் படிந்ததை, மணலுடனோ வெர்மிகுலைட், பெர்லைட் போன்ற பொரித்த கனிமங்களுடனோ சேர்த்து மண்ணில்லாக் கலவைகளை உருவாக்கின. பீட் இல்லாத வெப்ப நாடுகளில் அதன் இடத்தை நிரப்பியது, கயிற்றுத் தொழிலில் தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் குப்பையாகக் குவிந்த நார்த்தூள். 1860-களிலேயே இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் பயன்படுத்திப் பின்னர் மறந்த இப்பொருள், சதுப்புகள் அழிவது குறித்த கவலை எழுந்த 1980-களின் இறுதியில் மீண்டும் உலகச் சந்தையை அடைந்தது.

தென்னை மிகுந்த கடலோர வட்டாரத்திற்கு இது அயல் பொருள் அன்று. எனினும் எல்லா நார்த்தூளும் ஒன்றல்ல. உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளில் சோடியம் தங்கி இலை நுனியைக் கருக்குவதால் அதை நன்னீரில் பலமுறை அலச வேண்டும். பச்சைத் தூளில் கரிமமும் தழைச்சத்தும் சுமார் 112:1 என்ற விகிதத்தில் இருப்பதால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்கின்றன. ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் இட்டு மக்கவைக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக முறை இவ்விகிதத்தை ஏறக்குறைய 24:1 ஆகக் குறைக்கிறது. தூளில் ஊட்டம் குறைவு என்பதால் மண்புழு உரமும் சேர்க்கப்பட வேண்டும்.

ஆகவே தொட்டியைக் கருதாமல் கலவையைத் தனியே தேர்வது பிழையாகும். வில்லியனூர்ச் சுடுமண் தொட்டிக்குப் பழைய மண் கலவை இன்றும் போதும். மாடியில் அடுக்கும் பிளாஸ்டிக் பைக்கு அலசி மக்கவைத்த நார்த்தூளே ஏற்றது.