தலைக்கவசத்தின் வரலாறு



பைராம் தோட்டம் போன்ற நம் தோட்டப்புறங்களில் பல குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிளே வாகனம். பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் தந்தை தாம் மட்டும் தலைக்கவசம் அணிந்திருப்பார். சிலர் அதையும் அணிவதில்லை. கேட்டால், "பக்கத்தில்தானே சார்" என்பது விடை. இந்தப் 'பக்கத்தில்தானே' என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு.

1935 மே 13ஆம் நாள், 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். மிதிவண்டிகளில் சென்ற இரு சிறுவர்கள்மீது மோதாதிருக்க முயன்றபோது தூக்கியெறியப்பட்டார். வீடு மிக அருகில்தான் இருந்தது. போர்க்களங்களில் பிழைத்தவர், ஆறு நாள்கள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். தலையில் கவசம் இல்லை.

அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர். அம்மரணம் அவரை ஆய்வில் இறக்கியது. இரண்டாம் உலகப்போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனின் சாலைகளில் மோட்டார் சைக்கிளில் சென்ற 2,279 பேர் இறந்தனர் என 1941இல் அவர் எழுதினார். கவசம் அணிந்து விபத்துக்குள்ளானோராக அவர் கண்டவர் எழுவர் மட்டுமே. எழுவரும் உயிர் பிழைத்தனர். எழுவர் என்பது சிறு எண்ணிக்கைதான். ஆயினும் அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கான சட்டமோ 1973இல்தான் வந்தது. கெய்ர்ன்ஸ் 1952இலேயே காலமாகிவிட்டார்.

மலேசியாவின் தலைக்கவச விதிகளும் அதே 1973ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. நம் நாட்டுத் தர நிர்ணயங்களுள் 'எம்.எஸ். 1', அதாவது முதல் எண்ணைப் பெற்றது, தலைக்கவசத்திற்கான தரமே என்பதை மாணவர்களிடம் கூறலாம், வியப்படைவர். 1992இல் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிடும் விதி சேர்ந்தது. இத்தனைக்குப் பின்னும், நம் நாட்டுச் சாலை மரணங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் செல்வோருடையவை.

1973ஆம் ஆண்டு விதி பின்னால் அமர்பவருக்கும் உரியது, பிள்ளைக்கு விலக்கில்லை. பெரியவரின் கவசத்தைப் பிள்ளைக்கு மாட்டிவிடுவதும் பயன் தராது. தளர்ந்த கவசம் விழும் வேகத்தில் கழன்றுவிடும். சிறுவர் அளவில் தனியே விற்கின்றனர். வாங்கும்போது பிள்ளையையும் கடைக்கு அழைத்துச் சென்று, தாடைப்பட்டையை மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.