கல் ஒன்றுதான், காலம் வேறு: ஒரு காணாமல்போன கடலின் கதை

இன்றைக்கு நாம் போகப்போவது அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துக்கு. அங்கே மத்தியப் பகுதியில் கார் ஓட்டிக்கொண்டு போனால் ஒரு விஷயம் கண்ணில் படும். வயல் வேலிகளில் மரக்கம்பம் இருக்காது, கல் கம்பம்தான் நிற்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறிய விவசாயிகளுக்கு அந்தப் புல்வெளியில் மரம் கிடைக்கவில்லை. ஆனால் தரையைக் கொஞ்சம் தோண்டினால் ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்கு வந்தது. கனம் ஒரு அடிக்கும் குறைவு. அதை நீளநீளமாகப் பிளந்து நட்டுவிட்டார்கள். இதில் ஆச்சரியம் என்னன்னா, இவ்வளவு மெல்லிய அந்த அடுக்கு சுமார் 300 கிலோமீட்டருக்கு ஓடுகிறது.

எப்படி? அது ஒரு காலத்தில் கடலடி. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கிரிட்டேசியஸ் காலத்தில், ஆர்க்டிக்கிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை ஒரு கடல் வட அமெரிக்காவை இரண்டாகப் பிளந்து கிடந்தது. மேற்கே மலைகள். அங்கிருந்து ஆறுகள் மணலைக் கொண்டுவந்து கொட்டின. நடுவில் சேறு படிந்தது. கிழக்கே, சேறு அதிகம் வராத இடத்தில், சுண்ணாம்பு படிந்தது.

1850-களில் மீக், ஹேடன் என்ற இரண்டு பேர் மிசௌரி ஆற்றின் மேல்பகுதிக்குப் போய், இந்த அடுக்குகளைக் கீழிருந்து மேலாக ஐந்தாகப் பிரித்தார்கள். முதலில் வெறும் நம்பர்தான். 1860-களின் தொடக்கத்தில் டகோட்டா, ஃபோர்ட் பெண்டன், நியோப்ராரா, ஃபோர்ட் பியர், ஃபாக்ஸ் ஹில்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அடிப்படையான, நல்ல வேலை. ஆனால் சிக்கல் இனிமேல்தான். அடியில் மணற்கல் தெரிகிற இடமெல்லாம் "டகோட்டா" என்று பெயர் பரவியது. எல்லாம் ஒரே காலத்தில் படிந்ததா? இல்லை.

நம்ம மெரினாவை நினைச்சுக்கோங்க. கரையில் மணல், உள்ளே தள்ளிப் போனால் சேறு. கடல் மட்டம் மெதுவாக ஏறி, பல லட்சம் ஆண்டுகளில் கரை தாம்பரம் வரை நகர்கிறது என்று வையுங்கள். மணலும் கூடவே நகரும். கடைசியில் மெரினாவிலிருந்து தாம்பரம் வரை தொடர்ச்சியாக ஒரே மணல் அடுக்கு இருக்கும். ஆனால் மெரினா மணல் பழசு, தாம்பரம் மணல் புதுசு. ஆக, மணல் சொல்வது "இங்கே கரை இருந்தது" என்பதை மட்டும்தான். எப்போது இருந்தது என்று அது சொல்லாது.

அதைச் சொன்னது அம்மோனைட். கணவாய்க்குத் தூரத்து உறவான, ஓடு உள்ள கடல் உயிரி. வேகமாகப் பரிணமித்தது, வெகுதூரம் பரவியது. அதனால் மேற்கின் மணலிலும் நடுவின் சேற்றிலும் ஒரே இனம் கிடைத்தால், இரண்டும் ஏறத்தாழ ஒரே காலம். மொன்டானாவில் 1916-இல் பிறந்த வில்லியம் காபன் தன் வாழ்நாளையே இதற்குக் கொடுத்தார். 1952-இல் ஜான் ரீசைடுடன் சேர்ந்து அந்தக் கடல் முழுவதற்குமான அடுக்கு ஒப்பீட்டை வெளியிட்டார். பிறகு அது 60-க்கும் மேற்பட்ட அம்மோனைட் மண்டலங்களாக வளர்ந்தது.

இருந்தாலும் அம்மோனைட் வரிசையைத்தான் சொல்லும், வருடத்தைச் சொல்லாது. அதற்கு உதவியது எரிமலைச் சாம்பல். மேற்கே எரிமலை வெடித்தபோதெல்லாம் சாம்பல் கடல் முழுக்க விழுந்து, பெண்டோனைட் என்ற மெல்லிய களிமண் அடுக்கானது. பூமியின் கணக்கில் ஒரு நொடி. அதிலுள்ள கனிமங்களின் ஆர்கானை அளந்து ஜான் ஒப்ரடோவிச் வருடக் கணக்கைக் கொடுத்தார்.

இதற்கெல்லாம் முன்பே ஒருவர் வருடம் எண்ணப் பார்த்திருக்கிறார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1895. கொலராடோவில் சுண்ணாம்புக்கல், களிப்பாறை என்று மாறிமாறி வரும் அடுக்குகளைப் பார்த்தார் குரோவ் கார்ல் கில்பர்ட். பூமியின் அச்சு தள்ளாடுவதால் சுமார் 21,000 ஆண்டுக்கு ஒருமுறை பருவநிலை மாறுகிறது, அதன் தாளம்தான் இது என்று ஊகித்தார். எண்ணிப் பார்த்தால் அந்தப் பாறைகளுக்கு மட்டும் சுமார் 2 கோடி ஆண்டு வந்தது. கெல்வின் பிரபு பூமியின் மொத்த வயதையே 2 முதல் 4 கோடிக்குள் அடக்கியது 1897-இல்! கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டதே 1896-இல்தான். கில்பர்ட் கையில் எந்தக் கருவியும் இல்லை. ஆனாலும் இன்றைய கணக்குக்கு அவர்தான் பக்கத்தில் இருந்தார்.

1971-இல் டொனால்ட் ஹாட்டின் இன்னொரு படி போனார். கன்சாஸிலும் கொலராடோவிலும் அந்த மெல்லிய சுண்ணாம்பு அடுக்குகள் சாம்பல் அடுக்குகளுக்கு இணையாகவே ஓடுவதைக் காட்டினார். அதாவது, அவை நிஜமாகவே ஒரே நேரத்தில் படிந்தவை. எல்லாக் கல்லும் காலம் சொல்லாது, ஆனால் சில கல் சொல்லும். எது சொல்லும் என்பதை இன்னொரு சாட்சி வைத்துச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

2003-இல் டூரோனியன் என்ற காலப்பிரிவின் தொடக்கத்துக்கு உலகம் முழுமைக்குமான அளவுகோலாக கொலராடோவின் பியூப்லோ அருகே ஒரு பாறை முகம் ஏற்கப்பட்டது. அதன் வயது சுமார் 9.39 கோடி ஆண்டு. நம்ம அரியலூர், பெரம்பலூர் பக்கத்திலும் கிரிட்டேசியஸ் கடல் பாறைகள் இருக்கு, அம்மோனைட்டும் இருக்கு. அங்கே ஒரு அடுக்கை டூரோனியன் என்று சொல்லும்போது, அது ஒப்பிடப்படுவது அந்தக் கொலராடோ பாறையோடுதான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.