மொங் மக்களின் கதைத்துணி

மொங் மக்கள் தென்சீனா, வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து மலைகளில் வாழும் இனத்தவர். இவர்களின் பூத்தையலுக்குப் ‘பாந்தாவ்’ என்று பெயர். ‘பூத்துணி’ என்பது பொருள். ஒரு பிரிவினர் கஞ்சாச் செடியின் நாரில் (போதைக்கன்று, நாருக்கென்றே வளர்ப்பது) நெய்த துணியில் உருகிய தேன்மெழுகால் கோலமிட்டு, அவுரிச் சாயத்தில் தோய்ப்பர். பின் வெந்நீரில் மெழுகை நீக்கினால் கோடுகள் வெண்மையாகத் தெரியும். நத்தைச்சுருள், யானைப்பாதம் போன்ற வடிவங்களே மரபானவை.

1975இல் லாவோசில் பதெட் லாவோ ஆட்சியைப் பிடித்தது. அமெரிக்க உளவு நிறுவனத்தின் பக்கம் நின்று போரிட்ட மொங் மக்கள் பலர் மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்குத் தப்பினர். பான் வினாய் முதலிய அகதி முகாம்களில் உழ நிலமில்லை. ஊசியும் நூலும் இருந்தன. ஆண்கள் சிலர் உருவங்களை வரைந்து கொடுக்க, பெண்கள் தைத்தனர். மலைவயல், குண்டுவீசும் விமானம், மூங்கிலைப் பற்றி ஆற்றில் மிதக்கும் குடும்பம் எல்லாம் ஒரே துணியில் இடம்பெற்றன.

விற்பனைக்காகத் தைத்தவை என்று இவற்றை ஒதுக்குவது சரியன்று. மொங் மொழிக்கு இன்று பரவலாக வழங்கும் உரோமன் எழுத்துமுறையே 1950களில்தான் உருவானது. எழுத்தறியாத பெண்கள் தாம் கண்ட போரைத் துணியில் பதித்தனர். பிற்காலத் துணிகளில் படங்களுக்கு அடியில் ஆங்கில வாசகங்களும் நூலால் தைக்கப்பட்டன. வாங்குவோர் பெரும்பாலும் வெளிநாட்டினர்.