பெர்க்மனும் பில்ஸ்னர் படங்களும்

ஸ்வீடன் சினிமா என்றால் நமக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது இங்மர் பெர்க்மன்தான். மரணத்தோடு சதுரங்கம் ஆடும் வீரன், கறுத்த வானம், நீண்ட மௌனம்! அறை நண்பன் வற்புறுத்தியதால் 'ஏழாவது முத்திரை' (1957) பார்க்க உட்கார்ந்தேன். தூங்கிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். தூங்கவிடாமல் செய்தது யோஃப் என்ற கூத்தாடி பாத்திரம். யார் இந்த நடிகர் என்று தேடினால், பெயர் நில்ஸ் பொப்பே. 1940களில் ஸ்வீடனின் முன்னணி சிரிப்பு நடிகர். 'சோல்டாட் பூம்' (1948) படத்தில் பட்டாளத்துக்குப் போய் ரகளை செய்தவர்.

தத்துவப் படத்தில் சிரிப்பு நடிகருக்கு என்ன வேலை? வணிகவியல் படிப்பவன் என்பதால் என் புத்தி நேராகக் கணக்கு வழக்குக்குத்தான் போனது.

பேசாப் படக் காலத்தில் ஸ்வீடன் படங்கள் உலகமெங்கும் ஓடின. மொரிட்ஸ் ஸ்டில்லர் எடுத்த 'எரோட்டிகான்' (1920) அந்தக் காலத்து நாகரிகமான நகைச்சுவை. பிறகு விக்டர் ஷூஸ்த்ரோம் 1923இலும், ஸ்டில்லர் கிரேட்டா கார்போவோடு 1925இலும் ஹாலிவுட் போய்விட்டார்கள். அடுத்து பேசும் படம் வந்தது. மொழி வந்ததும் சந்தை சுருங்கிப் போனது. ஸ்வீடனின் மக்கள்தொகை அப்போது சுமார் 60 லட்சம். அவர்களை மட்டும் நம்பிப் படம் எடுத்தால் எது ஓடும்? சிரிப்பும் பாட்டும்தான்.

அப்படி வந்தவைதான் 1930களின் 'பில்ஸ்னர் படங்கள்'. பீர் குடித்துக்கொண்டு அரட்டை அடிக்கும் காட்சிகள் நிறைய வந்ததால், கிண்டலாக வைத்த பெயர் இது. 1937இல் 'பான்ஷுனாட் பராடிசெட்' என்ற படம் வந்ததும் அறிவுஜீவிகளுக்குப் பொறுக்கவில்லை. எழுத்தாளர் சங்கம் ஸ்டாக்ஹோம் கச்சேரி அரங்கில் கண்டனக் கூட்டமே போட்டது. ஸ்வீடன் சினிமா பண்பாட்டுக்கு ஆபத்தாம்! அவர்கள் சொன்னது முழுக்கத் தவறில்லை. அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலமாக வந்த படங்கள் நிறைய. ஆனால் ஸ்டுடியோ விளக்குகள் அணையாமல் இருந்ததற்கு இந்தப் படங்களும் ஒரு காரணம்.

1951இல் கேளிக்கை வரியை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் படப்பிடிப்பை நிறுத்தினார்கள். வேலையில்லாமல் இருந்த பெர்க்மன் என்ன செய்தார் தெரியுமா? 'பிரிஸ்' சோப்புக்கு ஒன்பது விளம்பரப் படங்கள் எடுத்தார்! மேதைக்கும் மாதக் கடைசி உண்டு.

அவருக்குத் திருப்புமுனையும் ஒரு நகைச்சுவைப் படம்தான். 'கோடை இரவின் புன்னகைகள்' (1955) 1956 கான் விழாவில் பரிசு வாங்கியது. அந்த வெற்றியைக் காட்டித்தான் தயாரிப்பு நிறுவனத்திடம் 'ஏழாவது முத்திரை'க்குச் சம்மதம் வாங்கினார். அதிலும் சிறிய பட்ஜெட், குறைந்த நாட்கள். கதையில் மரணத்திடமிருந்து தப்பிப் போவது யார்? பொப்பே நடித்த கூத்தாடியும் அவன் குடும்பமும்தான்.

1956இல் தொலைக்காட்சி வந்தது. அந்த ஆண்டு சுமார் 8 கோடியாக இருந்த டிக்கெட் விற்பனை 1963க்குள் பாதியானது. 1963இல் அரசு 25 சதவீதக் கேளிக்கை வரியை எடுத்துவிட்டு, திரையரங்குகள் டிக்கெட் வருமானத்தில் 10 சதவீதத்தைப் புதிய ஸ்வீடிஷ் திரைப்பட நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும் என்றது. தரமான படங்களுக்கு அதிலிருந்து உதவித்தொகை. 1949 முதல் 1969 வரை 'ஓசா-நிஸ்ஸே' என்ற கிராமத்துக் கோமாளியை வைத்து 20 படங்கள் வந்தன. விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள், ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். 1963க்குப் பிறகு அந்த டிக்கெட்டுகளிலிருந்தும் ஒரு பங்கு தரமான படங்களுக்குப் போயிருக்கிறது! எங்கள் பாடத்தில் இதற்குக் குறுக்கு மானியம் என்று பெயர்.

சிரிப்பும் தரமும் சேரவே சேராதா என்றால், சேர்ந்தது. ஹான்ஸ் ஆல்ஃபிரெட்சன், டாகே டேனியல்சன் இரட்டையரின் 'ஆப்பிள் போர்' (1971), கிராமத்தை வளைத்துக் கேளிக்கைப் பூங்கா கட்ட வரும் பணக்காரனைக் கேலி செய்தது. 1980இல் லாஸ்ஸே ஓபெர்க் நடித்து இயக்கிய 'செல்ஸ்காப்ஸ்ரேசன்', விமானம் என்றாலே நடுங்கும் ஸ்டிக்-ஹெல்மரைக் கானரித் தீவுக்கு அனுப்பியது. சுமார் 83 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றது.

சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் பெர்க்மனுக்கு ஒரு அத்தியாயமும் ஓசா-நிஸ்ஸேவுக்கு ஒரு அடிக்குறிப்பும் தருகிறார்கள். கலைக்கு அது நியாயமாக இருக்கலாம். ஆனால் பேரேட்டைப் புரட்டினால், வரவுப் பக்கத்தில் அந்தக் கோமாளிகளின் பெயர்களும் இருக்கின்றன. சிரித்துவிட்டு மறந்து போன படங்களுக்கும் நாம் கொஞ்சம் கடன்பட்டவர்கள்தானே?