மேளமும் நாயனமும்: ஒரு கருவித் தேர்வும் அதன் சொல் வரலாறும்

இசைக் குழுவில் ஒருவர் தம் கருவியை மாற்றிக்கொண்டால் அம்மாற்றம் அவரோடு நின்றுவிடுமா, குழு முழுவதையும் தாக்குமா என்பது இசை வரலாற்றில் எழும் வினாக்களுள் ஒன்று. பெரிய மேளம் எனப்படும் நாகசுரக் குழுவின் இருபதாம் நூற்றாண்டு வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகின்றது. அவ்விடை தமிழ்ச் சொல் வழக்கிலும் பதிந்துள்ளமையால் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் அது பயன்படுவதாகும்.

குழுவும் பெயரும்

மேளம் என்னும் சொல் வடமொழியில் கூட்டம், சேர்க்கை என்னும் பொருளுடைய சொல்லோடு தொடர்புடையது. தமிழில் அது குழுவையும், பேச்சு வழக்கில் தவிலையும், இசை இலக்கணத்தில் தாய் இராகத்தையும் குறிக்கும். கோயிலிலும் ஊர்வலத்திலும் வாசித்த குழு பெரிய மேளம் என்றும், சதிர் ஆட்டத்திற்கு வாசித்த குழு சின்ன மேளம் என்றும் வழங்கின. பெரிய மேளத்தின் மரபான உறுப்புகள் நாயனம் எனப்படும் நாகசுரம், தவில், ஒத்து, தாளம் என்னும் நான்காகும்.

இவற்றுள் ஒத்து, நாயனத்தைப் போன்ற தோற்றமுடையது. ஆயின் பண் இசைப்பதற்குரியதன்று. ஆதார சுருதியை இடைவிடாது ஒலித்துக்கொண்டிருப்பதே அதன் பணி. ‘ஒத்தல்’ என்னும் வினையோடு இயைந்த அதன் பெயரே பணியை விளக்கிவிடுகின்றது.

திமிரியும் பாரியும்

நாகசுரம் இருவகைப்படும். திமிரி நீளம் குறைந்தது, சுருதி மிக்கது. பாரி நீண்டது, சுருதி தாழ்ந்தது. திமிரியின் சுருதியை ஏறத்தாழ நான்கு முதல் ஐந்து கட்டை என்றும், பாரியினுடையதை இரண்டு, இரண்டரைக் கட்டை என்றும் கூறுவர். கட்டை என்னும் இவ்வளவைப் பெயர் ஆர்மோனியத்தின் மரக்கட்டைகளிலிருந்து வந்ததாகும். மேளத்தில் இடம்பெறாத ஒரு கருவி மேளத்திற்கு அளவுகோலாயிற்று என்பது நோக்கத்தக்கது.

திறந்த வெளியில் நெடுந்தொலைவு கேட்க வேண்டிய ஊர்வலத்திற்குத் திமிரி பொருந்தியது. அரங்கக் கச்சேரிகள் பெருகிய காலத்தில் பாரி முன்னிடம் பெற்றது. இம்மாற்றத்தோடு முதன்மையாக இணைத்துப் பேசப்படுபவர் திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை (1898-1956). தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கருவி கடைந்த ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்திமம் பிசகாது ஒலிக்கும் வண்ணம் பாரியைச் செம்மைப்படுத்தினார் என்பர். நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. இன்று பெரும்பாலான மேடைகளில் ஒலிப்பது பாரியே.

குழுவில் நேர்ந்த விளைவு

நாயனக்காரர் திமிரியை விட்டுப் பாரியை ஏற்றபோது மாற்றம் அவர் கைக்கருவியோடு நிற்கவில்லை. சீவளியின் அளவு மாறியது. ஒத்து, நாயனத்தின் சுருதியிலேயே ஒலிக்க வேண்டியதாகையால் அதுவும் மாற வேண்டியதாயிற்று. ஒரே சுருதிக்கென அமைந்த ஒத்தினும் பல சுருதிகளுக்கு இசைவிக்கத்தக்க சுருதிப்பெட்டி எளிதாயிற்று. தனியாக ஓர் ஆளும் வேண்டியதில்லை. காலப்போக்கில் ஒத்துக்காரர் மேடையிலிருந்து மறைந்தார். ஒத்து ஊதிய இடம் பெரும்பாலும் தொடக்கநிலை மாணவர்க்கு உரியது. மூச்சை அறாது நிறுத்தவும், ஆசிரியரின் வாசிப்பை அருகிருந்து கேட்கவும் வாய்ப்பளித்த பயிற்சியிடம் அது. அதனை எப்பெட்டியாலும் ஈடுசெய்ய இயலவில்லை.

தவிலின் நிலை வேறு. தவிலின் வலந்தலை, மிருதங்கத்தினதைப் போல ஆதார சட்சத்தோடு நுட்பமாக இணைக்கப்படுவதில்லை. எனவே நாயனத்தின் சுருதி இறங்கியமை தவிலை மாற்றும் கட்டாயத்தை உண்டாக்கவில்லை. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894-1949) போன்றோரால் தவில் இக்காலத்திலேயே பெரும்புகழ் எய்தியது. தாளமும் நிலைத்தது. ஆகவே, ஒருவரின் கருவித் தேர்வு குழுவினர் அனைவரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. தலைமைக் கருவியோடு சுருதியால் பிணைந்த உறுப்பு இடம் இழந்தது. காலத்தால் பிணைந்த உறுப்புகள் நிலைபெற்றன.

சொல்லில் எஞ்சியது

மேடையினின்று நீங்கிய ஒத்து மொழியினின்று நீங்கவில்லை. பிறர் சொல்வதற்கெல்லாம் உடன்படுவோரை ‘ஒத்து ஊதுகிறார்’ என்பது இன்றும் வழக்கு. தாளக் கருவியான ஜால்ராவும் ‘ஜால்ரா போடுதல்’ எனும் தொடரில் முகத்துதியைக் குறிக்கின்றது. துணைக் கருவிகள் இரண்டும் இகழ்ச்சிப் பொருள் பெற, ‘கெட்டி மேளம்’ மங்கலப் பொருளே தாங்கி நிற்கின்றது. குழுவினுள் நிலவிய தலைமை, துணைமை வேறுபாட்டினை இத்தொடர்கள் காட்டுகின்றன. ஒத்தினைக் கண்டிராத தலைமுறைக்கு முதல் தொடரின் உருவகம் மங்கி, பொருள் மட்டுமே எஞ்சியுள்ளது.

மொழிபெயர்ப்பில் இவ்வரலாறு கருதப்பட வேண்டும். நாகசுரத்தை ஆங்கிலத்தில் ஓபோ என்றும் இந்தியில் ஷெனாய் என்றும் பெயர்த்தால் கருவியின் இனம் விளங்கும். குழுவில் அதற்குரிய இடம் விளங்காது. ‘மேளத்திற்குச் சொல்லியாயிற்றா?’ என்னும் திருமண வீட்டு வினாவில் மேளம் என்பது கருவியன்று, குழுவினர் அனைவருமாவர். அங்கே தவிலைக் குறிக்கும் சொல்லை இடுவது பிழையாகும். ‘ஒத்து’ வரும் இடத்தில், அது மேடையில் ஒலிக்கும் கருவியா, வழக்குத் தொடரின் உறுப்பா என்பதைப் பனுவலின் காலத்தையும் களத்தையும் கொண்டு துணிதல் வேண்டும்.

கருவி மாறியபோது குழு மாறியது. குழு மாறிய பின்னும் அதன் பழைய அமைப்பு சொற்களில் தங்கியது. அதனால் மேள மரபின் வரலாற்றை எழுதுவோர்க்கு இசைச் சான்றுகளோடு வழக்குச் சொற்களும் ஆதாரமாகக் கொள்ளத்தக்கனவாம்.