தரைக்குருவியின் அலகு

"கடினமான விதைகளை உடைக்க வேண்டியிருந்ததால் குருவியின் அலகு தடித்து வளர்ந்தது" என்று உங்களுள் பலர் தேர்வில் விடை எழுதக்கூடும். ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் அவ்விடைக்கு நானும் முழு மதிப்பெண் அளித்ததுண்டு. அது பிழை என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அதனைத் திருத்திக்கொள்ளவே இன்று பேச வந்தேன்.

1835ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சார்லஸ் டார்வின் 'பீகிள்' கப்பலில் பசிபிக் மாகடலிலுள்ள கலாபகஸ் தீவுகளை அடைந்தார். அங்கே பலவகை அலகுடைய சிறு பறவைகளைச் சேகரித்தார். அவை ஒரே குடும்பத்தின என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை; எது எத்தீவினது என்றும் அவர் பெரும்பாலும் குறித்து வைக்கவில்லை. 1837இல் இலண்டனில் பறவையியல் அறிஞர் ஜான் கூல்ட் அவற்றை ஆராய்ந்து, அவை யாவும் நெருங்கிய உறவுடைய தனித்தனிக் குருவியினங்கள் என்று கண்டார். ஓரினம் பலவாகப் பிரியக்கூடும் என்று டார்வினை எண்ணச் செய்த சான்றுகளுள் இதுவும் ஒன்று. அவ்வெண்ணம் 1859இல் 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலாக வெளிவந்தது.

அவர் கண்ட கொள்கை எளியது. ஓரினத்து உயிர்கள் தம்முள் சிறிது வேறுபடுகின்றன. அவ்வேறுபாடுகளுள் பல பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகின்றன. பிறப்பவை அனைத்தும் பிழைப்பதில்லை. சூழ்நிலைக்கு ஏற்றவையே மிகுதியாகப் பிழைத்து வழித்தோன்றல்களைப் பெருக்குகின்றன. இதுவே இயற்கைத் தேர்வு.

இது மிக மெதுவாக நிகழ்வதால் கண்ணாற் காண இயலாது என்று டார்வின் கருதினார். ஆனால், 1973 முதல் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் அறிவியல் தம்பதியர் அத்தீவுகளுள் ஒன்றான டாப்னி மேஜரில் குருவிகளின் காலில் வளையமிட்டு, அலகுகளை அளந்து வந்தனர். 1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்துபோயின. நம் நெருஞ்சிக்கு உறவான ஒரு செடியின் வன்காய்கள் எஞ்சின. நடுத்தரத் தரைக்குருவிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 85 மடிந்தன. தப்பியவற்றுள் தடித்த அலகுடையவையே மிகுதி. அடுத்த ஆண்டு பிறந்த குஞ்சுகளின் அலகும் சராசரியில் முன்னையினும் தடித்திருந்தது.

கூர்ந்து நோக்குங்கள்: பஞ்சத்தைக் கண்டு எக்குருவியும் தன் அலகைத் தடிக்கச் செய்துகொள்ளவில்லை. தடித்த அலகுகள் முன்னரே இருந்தன. அவற்றை உடையவை எஞ்சின, அவ்வளவே. 1983இல் பெருமழை பெய்து சிறு விதைகள் மலிந்தன. அதன்பின் தேர்வு சிற்றலகின் பக்கம் சாய்ந்தது. ஆகவே, இயற்கைக்கு முன்குறித்த இலக்கு எதுவும் இல்லை.

அன்று என்னிடம் முழு மதிப்பெண் பெற்றோர் இதனைக் கேட்க நேர்ந்தால், தம் பிள்ளைகளுக்கேனும் சரியான விடையைச் சொல்லிக் கொடுப்பார்களாக.